சட்டவிரோதக் குடிவரவுக்கு எதிரான உள்ளாட்சிச் சட்டங்கள் (ஐக்கிய அமெரிக்கா)

சட்டவிரோதக் குடிவரவுக்கு எதிரான உள்ளாட்சிச் சட்டங்கள் என்பன, உரிய ஆவணங்களின்றி ஐக்கிய அமெரிக்காவில் வசிக்கும் அயல்நாட்டவருக்கு வேலை கொடுப்பதையும் வீடு வாடகைக்கு விடுவதையும் தடுக்கும் நோக்குடன் அந்நாட்டின் நகரங்களும் மாவட்டங்களும் இயற்றிய சட்டங்கள் ஆகும். 2006 ஆம் ஆண்டில் பென்சில்வேனியா மாநிலத்தின் ஹேசில்டன் நகரம் இயற்றிய சட்டம் இவற்றுள் மிகவும் அறியப்பட்டது. அதனைப் பின்பற்றிப் பல சிறு நகரங்கள் இத்தகைய சட்டங்களை முன்மொழிந்தன. குடிவரவை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் நடுவண் அரசுக்கு மட்டுமே உரியதா, அல்லது அதன் விளைவுகளை நேரில் சந்திக்கும் ஊர்களுக்கும் அதில் பங்கு உண்டா என்பதே இவ்விவாதத்தின் மையமாகும்.

முன்னோடிகள்

இவ்வகைச் சட்டங்கள் 21 ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்பு அல்ல. கலிபோர்னியாவின் சான் பிரான்சிஸ்கோ நகரம் 1880 இல், மரக் கட்டடங்களில் சலவை நிலையம் நடத்த நகர மேற்பார்வையாளர் குழுவின் அனுமதி தேவை என்று விதித்தது. அந்நகரில் இருந்த ஏறத்தாழ 320 சலவை நிலையங்களில் 310 மரக் கட்டடங்களில் இயங்கின. சுமார் 240 சீனர்களுக்குச் சொந்தமானவை. அனுமதி கோரிய சுமார் 200 சீனர்களில் ஒருவருக்கும் அது கிடைக்கவில்லை. சீனரல்லாத 80 பேரில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் கிடைத்தது. சட்டத்தின் சொற்களில் இனம் எதுவும் குறிப்பிடப்படவில்லை எனினும், அது நடைமுறைப்படுத்தப்பட்ட விதம் பாகுபாடானது என்று 1886 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசியலமைப்பின் 14 ஆவது திருத்தம் தரும் பாதுகாப்பு குடிமக்களுக்கு மட்டுமன்றி நாட்டினுள் இருக்கும் 'எந்த ஆளுக்கும்' பொருந்தும் என்பதை இத்தீர்ப்பு நிலைநாட்டியது. இக் ஓ வழக்கு என அறியப்படும் இது இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது.

பென்சில்வேனியாவிலும் இதற்கு நீண்ட வரலாறு உண்டு. 1897 இல் அம்மாநிலம், குடியுரிமை பெறாத ஒவ்வொரு ஆண் தொழிலாளிக்கும் நாளொன்றுக்கு 3 செண்ட் வரியை முதலாளிகள்மீது விதித்தது. நிலக்கரிச் சுரங்க நிறுவனங்கள் அத்தொகையைத் தொழிலாளரின் கூலியிலிருந்தே பிடித்தம் செய்தன. அவ்வரி செல்லாது என நடுவண் நீதிமன்றம் ஒன்று அதே ஆண்டில் கூறியது. ஆயினும் அதனால் எழுந்த கசப்பு அவ்வாண்டின் சுரங்க வேலைநிறுத்தத்திற்குக் காரணமானவற்றுள் ஒன்றாக அமைந்தது. செப்டம்பர் 10, 1897 அன்று ஹேசில்டனுக்கு அருகிலுள்ள லாட்டிமர் என்னுமிடத்தில், ஷெரிப் தலைமையிலான ஆயுதக் குழு சுட்டதில் ஊர்வலமாகச் சென்ற 19 சுரங்கத் தொழிலாளர் கொல்லப்பட்டனர். இறந்தோரில் பெரும்பாலோர் போலந்து, சுலோவாக்கியா, லித்துவேனியா ஆகிய பகுதிகளிலிருந்து வந்த குடிவரவாளர்கள். சுட்டவர்கள் மறு ஆண்டில் விடுவிக்கப்பட்டனர்.

1939 இல் இதே மாநிலம் அயல்நாட்டவர் அனைவரும் ஆண்டுதோறும் பதிவுசெய்து அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும் எனச் சட்டமியற்றியது. 1941 இல் உச்ச நீதிமன்றம், நடுவண் அரசு 1940 இல் கொண்டுவந்த முழுமையான பதிவுச் சட்டம் இருக்கையில் மாநிலம் தனக்கென வேறொன்றை வைத்திருக்க இயலாது என்று அதை நிறுத்தியது. ஹேசில்டன் வழக்கின் சட்ட அடித்தளம் இங்குதான் உள்ளது.

2006 ஆம் ஆண்டின் பின்னணி

1986 ஆம் ஆண்டின் குடிவரவுச் சீர்திருத்தச் சட்டம், ஆவணமற்றோரை அறிந்தே வேலைக்கு அமர்த்துவதை முதன்முறையாக நடுவண் குற்றமாக்கியது. ஏற்கெனவே நாட்டிலிருந்த பலருக்குச் சட்டபூர்வத் தகுதியும் வழங்கியது. வேலை கொடுப்போரை மாநிலங்களும் ஊர்களும் தண்டிப்பதை அச்சட்டம் தடைசெய்தது. ஆனால் 'உரிமம் மற்றும் அதையொத்த சட்டங்கள்' மூலமான நடவடிக்கைக்கு மட்டும் விலக்களித்தது. பிற்காலத்தில் இவ்விலக்கு பெரும் வாதத்திற்கு உள்ளானது.

டிசம்பர் 2005 இல் கீழவை கடுமையான மசோதா ஒன்றை நிறைவேற்றியது. மே 2006 இல் மேலவை, தகுதி வழங்கும் வழிகளையும் கொண்ட மற்றொன்றை நிறைவேற்றியது. இரண்டும் இணக்கம் காணவில்லை. அவ்விளவேனிலில் பல நகரங்களில் குடிவரவாளர் பேரணிகள் நடந்தன. வாஷிங்டன் செயலிழந்துவிட்டது என்ற எண்ணம் இரு தரப்பிலும் பரவியிருந்த அக்கோடையில்தான் ஹேசில்டன் செய்தியானது.

ஹேசில்டன்

ஹேசில்டன், பென்சில்வேனியாவின் வடகிழக்கில் உள்ள பழைய நிலக்கரி நகரம். சுரங்கத் தொழில் நலிந்தபின் மக்கள்தொகை பல பத்தாண்டுகள் குறைந்து வந்தது. 2000 ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 23,000 பேரே இருந்தனர். அவர்களில் இசுப்பானிய மரபினர் ஏறத்தாழ 5 விழுக்காடு. அதன்பின் நியூ யார்க், நியூ செர்சி பகுதிகளிலிருந்து, பெரும்பாலும் தொமினிக்கக் குடியரசைப் பூர்வீகமாகக் கொண்டோர், மலிவான வீடுகளையும் புதிய கிடங்கு, ஆலை வேலைகளையும் நாடி வந்தனர். இவர்களுள் ஆவணம் உள்ளோரும் அமெரிக்கக் குடிமக்களும் கலந்தே இருந்தனர் என்பது கவனிக்கத்தக்கது.

மே 2006 இல் அந்நகரில் நடந்த கொலை ஒன்றில் கைதானோர் ஆவணமற்றவர்கள் எனக் கூறப்பட்டது. அப்போதைய மேயர் லூ பார்லெட்டா இதனைச் சுட்டி, சட்டம் தேவை என வாதிட்டார். (அக்குற்றச்சாட்டுகள் 2007 இல் கைவிடப்பட்டன.) இத்தாலியக் குடிவரவாளர் மரபில் வந்தவரான பார்லெட்டா, தம் எதிர்ப்பு குடிவரவாளருக்கு எதிரானதன்று, சட்டத்தை மீறி வந்தோருக்கு எதிரானது மட்டுமே என்றார். கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ நகரில் முன்மொழியப்பட்டு வாக்கெடுப்புக்கு வராமற்போன ஒரு வரைவை முன்மாதிரியாகக் கொண்டு இயற்றப்பட்ட சட்டத்தை, ஜூலை 13, 2006 அன்று நகர மன்றம் 4-1 என்ற கணக்கில் ஏற்றது.

திருத்தப்பட்ட வடிவில் இச்சட்டம் மூன்று வகையில் செயல்படும்படி அமைக்கப்பட்டது. ஆவணமற்றோரை வேலைக்கு வைக்கும் நிறுவனங்களின் வணிக உரிமம் நிறுத்தப்படும். ஆவணமற்றோருக்கு வாடகைக்கு விடும் வீட்டு உரிமையாளரின் வாடகை உரிமமும் நிறுத்தப்படும். வாடகைக்குக் குடிவரும் ஒவ்வொருவரும் 10 டாலர் கட்டணம் செலுத்தி நகராட்சியிடம் குடியிருப்பு அனுமதி பெறவேண்டும். அனுமதி இல்லாதவரைக் குடிவைத்தால் உரிமையாளருக்கு ஆள் ஒன்றுக்கு 1,000 டாலர் தண்டம். ஆங்கிலமே நகரின் ஆட்சிமொழி எனவும் அறிவிக்கப்பட்டது.

லொசானோ எதிர் ஹேசில்டன் வழக்கு

அமெரிக்கக் குடியுரிமைகள் ஒன்றியமும் புவேர்ட்டோ ரிக்கோ மக்களின் சட்டப் பாதுகாப்பு அமைப்பும் குடியிருப்போர் சார்பில் வழக்குத் தொடுத்தன. நகரின் தரப்பில் வாதிட்டவர்களுள் ஒருவர் சட்டப் பேராசிரியர் கிரிஸ் கோபாக். இவர் பிற்காலத்தில் இத்தகைய சட்டங்கள் பலவற்றை வரைவதில் முதன்மையான பங்கு வகித்தார். நடுவண் மாவட்ட நீதிபதி ஜேம்ஸ் மன்லி அக்டோபர் 2006 இலேயே இடைக்காலத் தடை விதித்ததால், பெரும் புகழ் பெற்ற இச்சட்டம் ஒருநாள்கூட நடைமுறைக்கு வரவில்லை.

மார்ச் 2007 இல் நடந்த விசாரணையில், நகரில் ஆவணமற்றோர் எத்தனை பேர் என்பது தமக்குத் தெரியாது என மேயர் ஒப்புக்கொண்டார். ஜூலை 26, 2007 அன்று வழங்கப்பட்ட 206 பக்கத் தீர்ப்பு, சட்டம் செல்லாது என்றது. நடுவண் சட்டத்துடன் முரண்படுவதோடு, பாதிக்கப்படுவோருக்கு உரிய அறிவிப்பும் விசாரணை வாய்ப்பும் தராததால் அது முறையான நீதி நடைமுறையையும் மீறுகிறது என்பது நீதிபதியின் முடிவு.

இதன்பின் வழக்கு மேலும் ஏழு ஆண்டுகள் நீடித்தது. 2010 இல் மூன்றாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பை உறுதிசெய்தது. ஆனால் 2011 இல் உச்ச நீதிமன்றம், ஆவணமற்றோரை அமர்த்தும் நிறுவனங்களின் உரிமத்தைப் பறிக்கும் அரிசோனா மாநிலச் சட்டம் ஒன்றை, மேற்கூறிய உரிம விலக்கின்கீழ் 5-3 என்ற கணக்கில் செல்லுபடியாக்கியது. அதன் ஒளியில் மறுஆய்வு செய்யுமாறு ஹேசில்டன் வழக்கும் திருப்பியனுப்பப்பட்டது. மூன்றாம் வட்ட நீதிமன்றம் ஜூலை 26, 2013 அன்று, முதல் தீர்ப்பு வந்து சரியாக ஆறு ஆண்டுகள் கழித்து, மீண்டும் அதே முடிவுக்கே வந்தது. மார்ச் 2014 இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை ஏற்க மறுத்தது. எதிர்த்தரப்பின் வழக்குச் செலவாகச் சுமார் 14 இலட்சம் டாலர் தருமாறு 2015 இல் நகருக்கு ஆணையிடப்பட்டது.

வாடகை பற்றிய பகுதியே இவ்வழக்கில் நுட்பமானது. ஒருவர் 'சட்டவிரோதமாக' இருக்கிறாரா என்பது ஓர் அட்டையைப் பார்த்துச் சொல்லக்கூடியது போலத் தோன்றும், உண்மை அவ்வாறன்று. அடைக்கலம் கோரியோர், நாடுகடத்தல் விசாரணையில் இருப்போர், நுழைவுரிமை முடிந்தும் தகுதிமாற்றத்திற்கு விண்ணப்பித்தோர் எனப் பல நிலைகள் உள்ளன. இறுதி முடிவு குடிவரவு நீதிபதியிடமே உள்ளது. அவர் நாடுகடத்தலை நீக்கவும் கூடும். நடுவண் அரசு இருக்க விட்டிருக்கும் ஒருவருக்கு ஓர் ஊர் வீடு மறுக்குமானால், அது நடைமுறையில் அவரை வெளியேற்றுவதே என்பது நீதிமன்றத்தின் கருத்து.

இதற்கிடையில் பார்லெட்டா 2010 தேர்தலில் வென்று 2011 முதல் 2019 வரை கீழவை உறுப்பினராக இருந்தார். நகரிலோ இசுப்பானிய மரபினரின் பங்கு 2010 இல் 37 விழுக்காடாகவும், 2020 இல் ஏறத்தாழ 63 விழுக்காடாகவும் உயர்ந்தது. மக்கள்தொகை 30,000 ஐ நெருங்கியது.

பிற நகரங்கள்

நியூ செர்சியின் ரிவர்சைடு 2006 இல் இதேபோன்ற சட்டம் இயற்றியது. அங்கு வாழ்ந்த பிரேசிலியர் பலர் வெளியேற, கடைவீதி வெறிச்சோடியது. வழக்குச் செலவும் சேரவே 2007 இல் அச்சட்டம் திரும்பப் பெறப்பட்டது. டெக்சாசின் பார்மர்ஸ் பிராஞ்சில் 2007 இல் வாக்காளர் மூன்றில் இரு பங்கினர் ஆதரித்தும், ஐந்தாம் வட்ட நீதிமன்றத்தின் முழு அமர்வு 2013 இல் அந்நகரின் வாடகைச் சட்டத்தை நிறுத்தியது.

நெப்ராஸ்காவின் பிரமாண்ட் நகரில் நேர்மாறாக நடந்தது. இறைச்சி ஆலைகளைச் சார்ந்த அவ்வூரின் வாக்காளர் 2010 இல் சட்டத்தை ஏற்றனர். எட்டாம் வட்ட நீதிமன்றம் 2013 இல் அதை அனுமதித்தது. 2014 இல் மறுவாக்கெடுப்பிலும் அது தப்பியது. அங்கே வாடகைதாரர் 5 டாலர் செலுத்தித் தம் தகுதியைத் தெரிவித்து அனுமதி பெறவேண்டும். ஆனால் வேலைவாய்ப்பு விதிகள் நகர எல்லைக்கு வெளியே அமைந்த பெரிய ஆலையைத் தொடவில்லை. உச்ச நீதிமன்றம் இவ்வழக்குகள் எதையும் விசாரணைக்கு எடுக்காததால், ஒரே வகைச் சட்டம் பென்சில்வேனியாவிலும் டெக்சாசிலும் செல்லாததாகவும் நெப்ராஸ்காவில் செல்லத்தக்கதாகவும் நின்றுவிட்டது.

வாதங்கள்

ஆதரிப்போர் முன்வைக்கும் வாதங்களில் வலுவானது நிதி பற்றியது. உச்ச நீதிமன்றத்தின் 1982 ஆம் ஆண்டுத் தீர்ப்பின்படி ஆவணமற்ற குழந்தைகளுக்கும் பொதுப்பள்ளிக் கல்வியை மறுக்க இயலாது. 1986 ஆம் ஆண்டுச் சட்டப்படி மருத்துவமனைகள் அவசரச் சிகிச்சையை எவருக்கும் மறுக்கக்கூடாது. இவ்விரு கடமைகளையும் விதிப்பது வாஷிங்டன். செலவின் பெரும்பகுதி விழுவது மாநிலங்கள் மீதும் ஊர்கள் மீதும். எல்லையைக் காக்காத நடுவண் அரசு, அதன் சுமையை ஏற்கும் ஊரின் கைகளையும் கட்டுவது நியாயமன்று என்பது அவர்கள் கேள்வி. இதனை வெறும் இனவெறுப்பு என ஒதுக்குவது சரியாகாது.

எதிர்ப்போர், ஆவணமற்றோரும் விற்பனை வரியையும், வாடகை வழியாகச் சொத்து வரியையும் செலுத்துகின்றனர் என்கின்றனர். மேலும், தண்டத்திற்கு அஞ்சும் வீட்டு உரிமையாளர் ஆவணங்களை ஆராய்வதைவிட, இசுப்பானியப் பெயரோ உச்சரிப்போ கொண்டவரைத் தவிர்ப்பதையே எளிதாகக் கருதுவார். அதனால் குடிமக்களும் பாதிக்கப்படுவர். சலவை நிலைய வழக்கின் பாடம் இதற்குப் பொருந்துவதாகவே தோன்றுகிறது.

மாநிலச் சட்டங்களும் எதிர்த்திசைச் சட்டங்களும்

2010 இல் அரிசோனா இயற்றிய சட்டத்தின் நான்கு பிரிவுகளில் மூன்றை 2012 இல் உச்ச நீதிமன்றம் நீக்கியது. காவலர் பிடித்து நிறுத்தியவரின் குடிவரவுத் தகுதியை ஐயமிருப்பின் சரிபார்க்க வேண்டும் என்னும் பிரிவை மட்டும் விட்டுவைத்தது. 2011 இல் வந்த அலபாமா சட்டத்தின் பெரும்பகுதியும் நீதிமன்றங்களால் தடுக்கப்பட்டது.

மறுபுறம், லாஸ் ஏஞ்சலஸ் காவல்துறை 1979 முதலும், சான் பிரான்சிஸ்கோ நகரம் 1989 முதலும் குடிவரவுச் சட்ட அமலாக்கத்தில் தம் ஊழியரின் பங்கைக் கட்டுப்படுத்தி வந்துள்ளன. இவை அடைக்கல நகரங்கள் எனப்படுகின்றன. நடுவண் அரசு தன் திட்டங்களை நிறைவேற்ற உள்ளூர் அலுவலரைக் கட்டாயப்படுத்த முடியாது என்னும் 1997 ஆம் ஆண்டின் தீர்ப்பு இவற்றுக்குத் துணைநிற்கிறது; துப்பாக்கிக் கட்டுப்பாட்டை எதிர்த்த ஷெரிப்கள் பெற்ற தீர்ப்பு அது. ஆனால் அப்பாதுகாப்பு மாநில அரசுக்கு எதிராக நகரங்களுக்கு இல்லை. 2017 இல் டெக்சாஸ் தன் நகரங்கள் இத்தகைய கொள்கைகளைக் கைக்கொள்வதைத் தடைசெய்தது. டிசம்பர் 2023 இல் அதே மாநிலம், அயல்நாட்டிலிருந்து அனுமதியின்றி நுழைவதையே மாநிலக் குற்றமாக்கும் சட்டத்தை இயற்ற, நடுவண் அரசு அதை எதிர்த்து 2024 சனவரியில் நீதிமன்றம் சென்றது. அவ்வழக்கில் மீண்டும் விவாதத்திற்கு வந்தது, 2012 ஆம் ஆண்டின் அரிசோனாத் தீர்ப்பே.