ஆரஞ்சு கவுண்டியில் மாறியது யார்?

அமெரிக்காவில் தேர்தல் முடிந்தால் போதும், புறநகர்க்காரர்கள் கட்சி மாறிவிட்டார்கள் என்று எழுதிவிடுவார்கள். மாறியது யார் என்று யாரும் நின்று கேட்பதில்லை. டீ ஆறுவதற்குள் ஒரே ஒரு இடத்தை வைத்துப் பார்த்துவிடலாம்: லாஸ் ஏஞ்சலீஸுக்குத் தெற்கே இருக்கும் ஆரஞ்சு கவுண்டி. கவுண்டி என்றால் ஏறக்குறைய நம் மாவட்டம். முப்பது லட்சத்துக்கு மேல் ஜனம்.

1936இல் ஜனநாயகக் கட்சியின் ரூஸ்வெல்ட்டுக்கு ஓட்டுப் போட்ட ஊர் இது. அதிபர் தேர்தலில் அந்தக் கட்சி இங்கே மறுபடி முந்தியது 2016இல்தான். எண்பது வருஷம்! 1964இல் குடியரசுக் கட்சியின் கோல்டுவாட்டர் நாடு முழுக்க மண்ணைக் கவ்வியபோதும் இங்கே ஜெயித்தார்.

காரணம் தேடித் தோண்ட வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிருந்த ஆரஞ்சுத் தோப்புகளை வெட்டி மனை போட்டார்கள். 1955இல் திறந்த டிஸ்னிலாண்டும் தோப்பு இருந்த இடத்தில் வந்ததுதான். போரிலிருந்து திரும்பிய சிப்பாய்க்கு அரசு உத்தரவாதத்தில் வீட்டுக் கடன், விமானமும் ஏவுகணையும் செய்யும் கம்பெனிகளில் வேலை. சம்பளம் வந்ததே ராணுவ ஒப்பந்தத்திலிருந்து, அதாவது வரிப்பணத்திலிருந்து. ஆனாலும் வரியைக் குறை, அரசாங்கமே ஒதுங்கு என்று உரக்கக் கேட்டதும் இவர்கள்தான். சொந்த வீடு வந்தபிறகு சொத்து வரி நோட்டீஸ்தானே அரசாங்கத்தின் முகம்!

பனிப்போர் முடிந்தது, அந்த வேலைகள் கரைந்தன. வயதானவர்கள் போய்ச்சேர்ந்தார்கள், சிலர் செலவு குறைந்த மாநிலங்களுக்குக் கிளம்பினார்கள். அந்த வீடுகளுக்கு லத்தீன் அமெரிக்க, ஆசியக் குடும்பங்கள் வந்தன. ஆவணமில்லாத குடியேறிகளுக்குப் பள்ளியும் மருத்துவமும் கிடையாது என்ற 187ஆம் முன்மொழிவு 1994இல் மாநிலம் முழுக்க நடந்த வாக்கெடுப்பில் ஜெயித்தது. நீதிமன்றம் அதை முடக்கிவிட்டது. ஆனால் அதற்குத் தோள் கொடுத்த குடியரசுக் கட்சியை லத்தீன் வீடுகள் மன்னிக்கவில்லை. 1996இல் லொரெட்டா சாஞ்செஸ் ஆயிரத்துக்கும் குறைவான வாக்கில் அக்கட்சியின் மூத்த எம்.பி. ஒருவரைத் தோற்கடித்தது முதல் அடி. டிரம்ப் பிடிக்காமல் நகர்ந்த படித்த வெள்ளையர்களும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் என் கணக்கில் பெரிய பங்கு, ஆள் மனம் மாறியதற்கு இல்லை; வீட்டில் இருக்கும் ஆளே மாறியதற்குத்தான்.

2018இல் கவுண்டியைத் தொடும் ஏழு எம்.பி. தொகுதிகளும் ஜனநாயகக் கட்சிக்குப் போயின. அடுத்த வருஷம் பதிவுபெற்ற வாக்காளர் எண்ணிக்கையிலும் அது முந்தியது. இனி இப்படித்தான் என்றார்கள். 2020இல் ஏழில் இரண்டு கைவிட்டுப் போயின. ஜெயித்த இருவரும் கொரியாவில் பிறந்த பெண்கள், குடியரசுக் கட்சியினர்!

அவர்களில் ஒருவரான மிஷெல் ஸ்டீலின் 2022 பிரசாரத் தபால் ஒன்றைப் பாருங்கள். எதிர் வேட்பாளர், தைவானிலிருந்து வந்தவர்களின் மகன். அவர் கம்யூனிஸ்ட் அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பெடுப்பதுபோல ஒட்டு வேலை செய்த படம். போய்ச் சேர வேண்டிய இடம் வெஸ்ட்மின்ஸ்டர் பக்கம் உள்ள ‘லிட்டில் சைகோன்’. 1975இல் சைகோன் விழுந்தபிறகு வந்த அகதிகள், இன்றும் பழைய தென்வியட்நாமின் மஞ்சள் கொடியைக் கட்டுகிறவர்கள். கம்யூனிசம் என்ற சொல் தாத்தாவுக்குப் பட்ட காயம். இங்கேயே பிறந்த பேத்திக்கு அது கேட்டு வளர்ந்த கதை. அவளுக்கு வாடகையும் படிப்புக் கடனும்தான் பெரிது. ஒரே வீட்டில் இரண்டு ஓட்டு.

2024இல் ஸ்டீலை எதிர்த்து நின்றவர் வியட்நாம் அகதிகளின் மகன் டெரெக் டிரான். அந்தப் பழி அவர்மேல் ஒட்டுவது கடினம். 653 வாக்கில் ஜெயித்தார். அதற்காகப் புதுத் தலைமுறை ஜனநாயகக் கட்சியின் சட்டைப்பையில் இருக்கிறது என்று எண்ணிவிடாதீர்கள்: 2020இல் இதே கவுண்டியில் பைடனுக்கு ஒன்பது புள்ளி முன்னிலை, நான்கே வருஷத்தில் கமலா ஹாரிஸுக்கு மூன்றுகூட இல்லை.