தயிர்சோறு வைத்துக் காத்திருக்காதீர்கள்

நாய் இரண்டு முறை வாந்தி எடுத்தால் பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். ‘எதையோ தின்னிருக்கும், நாளைக்குச் சரியாயிடும்’ என்று தயிர்சோறு வைக்கிறார்கள். அந்த ‘எதையோ’ எது என்று பால்கனித் தொட்டிகளை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. மூன்றாம் நாள் நாயின் கண் மஞ்சளான பிறகுதான், குதறிக் கிடக்கும் சைகஸ் செடி கண்ணில் படுகிறது.

சைகஸ் குட்டைப் பனை போலத் தெரிந்தாலும் பனையினம் அல்ல. இலை, தண்டு, வேர் எல்லாமே நஞ்சு. கொட்டையில் மிக அதிகம், ஓரிரண்டே ஒரு நாயைக் கொன்றுவிடும். அதிலுள்ள ‘சைகசின்’ என்னும் நஞ்சு கல்லீரலை அழிக்கிறது. வாந்தி சில மணி நேரத்தில் தொடங்கிவிடும். கல்லீரல் கெட்டது வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் பிடிக்கும். நடுவில் நாய் வாலாட்டிக்கொண்டு எழுந்து வந்தாலும் நம்பக் கூடாது.

மொட்டைமாடி அழகிகளான அடீனியமும் அரளியும் இதயத் துடிப்பையே குலைப்பவை. அரளி காய்ந்த சருகானாலும் நஞ்சு போகாது. 2024 மே மாதம் கேரளத்தின் திருவிதாங்கூர், மலபார் தேவசம் போர்டுகள் கோயில் நைவேத்தியத்திலிருந்து அரளிப்பூவை விலக்கின. நம் வீடுகளில் அது நாய்க்கூண்டுக்குப் பக்கத்திலேயே பூக்கிறது. மணி பிளான்ட், டிஃபன்பேக்கியா, ஆந்தூரியம் போன்றவை ஊசி போன்ற படிகங்களால் வாயையும் நாக்கையும் எரிய வைக்கும். எச்சில் ஒழுகும், நாக்கு வீங்கும். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. கற்றாழையை ‘குளிர்ச்சி’ என்று நாய்க்கு ஊட்டுகிறவர்களும் உண்டு. அதன் மஞ்சள் பால் வயிற்றைக் கலக்கிவிடும்.

செடியை மட்டும் பார்த்தால் போதாது, உரத்தையும் பார்க்க வேண்டும். எலும்புத்தூள் வாசனைக்கு நாய் மண்ணைத் தோண்டித் தின்னும். அதோடு ஆமணக்குப் பிண்ணாக்கும் கலந்திருந்தால் உள்ளே போவது ரைசின் என்னும் கொடிய நஞ்சு.

தின்றதைப் பார்த்துவிட்டால் உப்புத் தண்ணீர் ஊற்றக் கூடாது. அதுவே இரத்தத்தில் உப்பை ஏற்றி நாயைக் கொல்லும். எண்ணெயும் வேண்டாம், தொண்டையில் விரலும் வேண்டாம். வாயில் ஒட்டிய துணுக்குகளை ஈரத்துணியால் துடைத்துவிட்டு உடனே கிளம்ப வேண்டும். வாந்தி எடுக்க வைப்பது மருத்துவரின் வேலை. தின்று இரண்டு மணி நேரத்துக்குள் போனால்தான் அதில் பெரும் பலன். கடிபட்ட கிளை, வாந்தியில் கொஞ்சம், உரப்பொட்டலம் ஆகியவற்றைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். தின்ற நேரம், தோராயமான அளவு, நாயின் எடை மூன்றையும் சொல்லுங்கள். சைகஸ் என்றால் கல்லீரலுக்கான இரத்தப் பரிசோதனையை அடுத்தடுத்த நாட்களிலும் எடுக்கச் சொல்லுங்கள். முதல் நாள் அறிக்கை நன்றாக இருப்பதில் பொருளில்லை.

சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலும், வெளியூர்களில் நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கல்லூரிகளிலும் மருத்துவமனைகள் உண்டு. இரவில் எது திறந்திருக்கும் என்பதை இன்றைக்கே கேட்டு, எண்ணைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள். 1962 எண்ணில் அழைக்கும் கால்நடை ஆம்புலன்ஸ் பெரும்பாலும் ஆடு மாடுகளுக்காக ஓடுவது. அதற்காகக் காத்திருந்து அந்த இரண்டு மணி நேரத்தை இழக்காதீர்கள்.

இந்தச் செடிகளை விற்கும் நர்சரிக்காரர்களுக்கு ‘வெயில், நிழல்’ தவிர வேறெதையும் சொல்லும் வழக்கம் கிடையாது. நாய் இருக்கிறது என்று சொன்னாலும் ‘ஒண்ணும் ஆகாது சார்’ என்று தொட்டியைத் தூக்கிக் கொடுக்கிறார்கள். உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான பொருட்களிலிருந்து பாதுகாப்புப் பெறுவதை 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் உரிமையாகவே சொல்கிறது. முதலில் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. ஆனால் ரசீது இல்லாமல் வாங்கியதை நிரூபிப்பது கடினம். ‘செடிக்கெல்லாம் பில்லா?’ என்று சிரித்தால் சிரிக்கட்டும்; செடியின் பெயரை எழுதி வாங்குங்கள். பாதுகாப்பானதா என்ற கேள்வியை வாட்ஸ்அப்பில் கேளுங்கள், பதில் எழுத்தில் இருக்கும். நாய் இறந்துவிட்டால் அழுகையோடு அழுகையாகப் புதைத்துவிடாமல், அரசு கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனை கேட்டு எழுதிக் கொடுங்கள். இழப்பீடு கேட்கும்போது, நாய் எதனால் இறந்தது என்று காட்ட அந்த அறிக்கைதான் கையில் இருக்கும்.