ஆட்டக்காரர் இல்லாத பேர மேசை

தொழில்முறை விளையாட்டில் வெற்றி தோல்வி மைதானத்தில்தான் முடிவாகிறது என்று பார்வையாளர் நினைத்தாலும், எந்த ஆட்டக்காரர் எந்த அணிக்கு, எத்தனை ஆண்டு, என்ன ஊதியத்துக்கு ஆடுவார் என்பது முதல் ஆட்டத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே கதவடைத்த அறைகளில் பேசி முடிக்கப்பட்டுவிடுகிறது. அணி உரிமையாளர், மேலாளர், பயிற்சியாளர், ஆட்டக்காரரின் முகவர், லீக் நிர்வாகி ஆகியோர் கலந்துகொள்ளும் அந்தப் பேச்சுகளில் ஆட்டக்காரரின் வயது, காயம், குணம், சந்தை மதிப்பு என எல்லாமே அலசப்படுகின்றன. ஆனால் அந்தப் பேச்சு எந்த விதிகளின்படி நடக்க வேண்டும் என்று தீர்மானிக்கும் மேசையில் ஆட்டக்காரருக்கு ஓர் இருக்கை உண்டா என்ற கேள்விக்கு அமெரிக்காவில் ஒரு விடையும் இந்தியாவில் வேறொரு விடையும் கிடைக்கின்றன. ஓர் ஆட்டத்துக்கான ஒளிபரப்பு உரிமையின் மதிப்பில் உலகின் முதல் இரண்டு இடங்களில் இருப்பதாகக் கருதப்படும் அமெரிக்கக் கால்பந்து லீக்கையும் ஐ.பி.எல். கிரிக்கெட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இரண்டுக்கும் இடையிலான முதன்மையான வேறுபாடு இந்த இருக்கைதான் என்பது புலப்படும்.

தேர்வு நாளும் ஊதிய வரம்பும்

அமெரிக்கக் கால்பந்து என்பது பெயரளவில்தான் கால்பந்து. அணிக்கு 11 பேர் களத்தில் நின்று, முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டுசேர்ப்பதே அந்த ஆட்டம். அதன் தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல். 1920-இல் தொடங்கி இன்று 32 அணிகளோடு நடக்கிறது. கல்லூரியில் ஆடி முடித்த இளைஞர்களை அணிகள் வரிசைமுறைப்படி பங்கிட்டுக்கொள்ளும் நாளுக்கு ‘டிராஃப்ட்’ என்று பெயர். முந்தைய பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணியே முதலில் தேர்ந்தெடுக்கும் என்பதால், பணக்கார அணி ஒன்றே எல்லாத் திறமையையும் அள்ளிக்கொள்ள முடியாது. 1936-இல் நடந்த முதல் டிராஃப்டில் முதலாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர், கேட்ட ஊதியம் கிடைக்காததால், என்.எஃப்.எல். போட்டி ஒன்றில்கூட ஆடாமலேயே விலகிக்கொண்டார். தேர்ந்தெடுத்த அணியை விட்டால் வேறு அணியோடு பேச வழியில்லாத இளைஞரின் நிலை தொடக்க நாளிலேயே அப்படித்தான் இருந்தது.

டிராஃப்டுக்கு முன்பாக ஒவ்வோர் ஆண்டும் இண்டியானாபொலிஸ் நகரில் அணிகள் கூடி, இளைஞர்களை 40 கஜம் ஓடவிட்டு நேரம் குறிக்கின்றன, மருத்துவர்களைக் கொண்டு உடலைச் சோதிக்கின்றன, தனியறையில் சில நிமிடங்கள் நேர்காணல் நடத்துகின்றன. இத்தனை அளவீடுகளும் தவறிப்போவதுண்டு. 2000-ஆம் ஆண்டு டிராஃப்டில் 199-ஆவது இடத்தில்தான் அழைக்கப்பட்ட டாம் பிராடி, பின்னர் ஏழு முறை சாம்பியன் பட்டம் வென்றார்.

டிராஃப்டுக்கு இணையான மற்றொரு விதி ஊதிய வரம்பு. ஓர் அணி தன் ஆட்டக்காரர்கள் அனைவருக்கும் சேர்த்து ஓராண்டில் இவ்வளவுதான் செலவிடலாம் என்ற இந்த உச்சவரம்பு 1994-இல் 3.46 கோடி டாலராகத் தொடங்கி 2025-இல் 27.92 கோடி டாலராக உயர்ந்திருக்கிறது. வரம்பு இருப்பதால் ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறைக்க வேண்டியிருக்கிறது. அணி அலுவலகங்களில் நடக்கும் பேச்சில் பெரும்பகுதி இந்தக் கூட்டல் கழித்தலைப் பற்றியதே.

அந்தப் பேச்சு சில வேளைகளில் வெளியே கசிவதும் உண்டு. என்.எஃப்.எல். ஒப்பந்தங்களில் அறிவிக்கப்படும் தொகை முழுவதும் ஆட்டக்காரரின் கைக்கு வந்துசேரும் என்பதில்லை. நடுவில் அணி அவரை நீக்கிவிட்டால், உத்தரவாதம் அளிக்கப்பட்ட பகுதி மட்டுமே அவருக்குச் சேரும். 2022 மார்ச்சில் கிளீவ்லாண்ட் பிரவுன்ஸ் அணி டெஷான் வாட்சனுக்கு 23 கோடி டாலரை முழு உத்தரவாதத்தோடு அளித்தபோது, மற்ற ஆட்டக்காரர்களும் அதையே கேட்பார்கள் என்று ஏனைய உரிமையாளர்கள் கலங்கினார்கள். அவர்கள் கூடிப் பேசி உத்தரவாதங்களை மறுத்ததாக ஆட்டக்காரர் சங்கம் வழக்காடியது. 2025 தொடக்கத்தில் வந்த நடுவர் தீர்ப்பு, அணிகள் கூட்டுச்சதி செய்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று கூறியபோதும், உத்தரவாதத் தொகைகளைக் குறைக்குமாறு லீக் நிர்வாகம் உரிமையாளர்களை ஊக்குவித்ததைப் பதிவு செய்தது. அந்த அறையில் பேசப்பட்டது நடுவர் விசாரணைக்கு வந்ததற்குக் காரணம், அதைக் கேள்வி கேட்க ஒரு சங்கம் இருந்ததுதான்.

சென்னை அணியின் கணக்கு

இந்தியாவில் டிராஃப்டின் இடத்தில் ஏலம் இருக்கிறது. 2008 பிப்ரவரி 20 அன்று மும்பையில் நடந்த முதல் ஐ.பி.எல். ஏலத்தில் ஓர் அணி 50 லட்சம் டாலர்வரை செலவிடலாம் என்று வரம்பு வகுக்கப்பட்டிருந்தது. சச்சின் டெண்டுல்கர் போன்ற சில நட்சத்திரங்கள் ‘ஐகான்’ என்ற பெயரில் ஏலமின்றியே தத்தம் ஊர் அணிகளுக்கு ஒதுக்கப்பட்டனர். அவர்களுக்கு அணியின் அடுத்த உயர்ந்த ஊதியத்தைவிட 15 விழுக்காடு கூடுதலாகத் தர வேண்டும் என்பது விதி. மும்பை அணி மகேந்திர சிங் தோனியை 15 லட்சம் டாலருக்கு வாங்கியிருந்தால் சச்சினுக்கு 17.25 லட்சம் டாலர் கொடுக்க வேண்டியிருக்கும். இருவருக்கு மட்டுமே 32 லட்சம் டாலருக்கு மேல் போய்விட்டால், மீதிப் பணத்தில் முழு அணியையும் கட்ட முடியாது. ஐகான் எவரும் இல்லாமல் ஏலத்துக்கு வந்த சென்னை சூப்பர் கிங்ஸுக்கு அந்தச் சுமை இல்லை. தோனி 15 லட்சம் டாலருக்குச் சென்னைக்கு வந்ததில் ரசிகர்கள் பார்த்தது துணிச்சலை. அதற்கு அடியில் இருந்ததோ விதியைச் சரியாகப் படித்தவர்களின் கணக்கு.

அதே கணக்கு 2024-இலும் வேலை செய்தது. ஐந்து ஆண்டுகளாகப் பன்னாட்டுப் போட்டியில் ஆடாத இந்திய ஆட்டக்காரரை, நாட்டுக்கு ஆடாத புதியவராகவே கருதலாம் என்ற விதி மீண்டும் கொண்டுவரப்பட்டதால், இரண்டு உலகக் கோப்பைகளை வென்ற அணித்தலைவர் தோனியைச் சென்னை அணி 4 கோடி ரூபாய்க்குத் தக்கவைத்துக்கொண்டது.

ஒரே ஆட்டக்காரர், இரண்டு பேச்சுகள்

மேசையின் எந்தப் பக்கத்திலிருந்து பேசினால் என்ன ஆகும் என்பதற்கு ரவீந்திர ஜடேஜாவின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. ராஜஸ்தான் ராயல்ஸ் அணியில் ஆடிக்கொண்டிருந்த அவர், வேறு அணியோடு தாமாகவே ஒப்பந்தம் பேச முயன்றார் என்பதற்காக 2010 ஐ.பி.எல். பருவம் முழுவதும் தடை செய்யப்பட்டார். அப்போது அவருக்கு வயது 21. 2012 ஏலத்தில் சென்னை, டெக்கான் சார்ஜர்ஸ் ஆகிய இரு அணிகளும் அவருக்காக உச்சவரம்பான 20 லட்சம் டாலரைத் தொட்டபோது, ‘டை-பிரேக்’ எனப்படும் இரகசிய ஏலத்தின் மூலம் சென்னை அவரைப் பெற்றது. மூடிய உறையில் எழுதித் தரப்பட்ட அந்தக் கூடுதல் தொகை வெளியிடப்படவில்லை. அது ஜடேஜாவுக்கும் போகவில்லை, இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியத்துக்கே போனது. 2023 இறுதிப் போட்டியின் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துச் சென்னைக்குக் கோப்பை வாங்கித் தந்த அவர், 2025 நவம்பரில் சாம் கரனோடு சேர்த்து ராஜஸ்தானுக்கே பரிமாற்றம் செய்யப்பட, அவர்களுக்கு ஈடாகச் சஞ்சு சாம்சன் சென்னைக்கு வந்தார். ஜடேஜாவின் ஊதியம் 18 கோடி ரூபாயிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. பரிமாற்றத்துக்கு ஆட்டக்காரரின் சம்மதம் தேவை என்பது உண்மையே. எனினும் 2010-இல் ஆட்டக்காரர் தொடங்கியபோது குற்றமாக இருந்த பேச்சு, 2025-இல் அணிகள் தொடங்கியபோது முறையான நடவடிக்கையாக இருந்தது என்பதும் உண்மை.

அண்மைக்கால விதிகளும் இதே திசையில்தான் செல்கின்றன. 2025 டிசம்பரில் அபுதாபியில் நடந்த ஏலத்தில் ஆஸ்திரேலியாவின் கேமரன் கிரீனை கொல்கத்தா அணி 25.20 கோடி ரூபாய்க்கு வாங்கியபோதிலும், சிற்றேலத்தில் (மினி ஏலத்தில்) வெளிநாட்டவர் பெறக்கூடிய உச்சத் தொகை 18 கோடி என்ற விதியால் மீதி 7.20 கோடி வாரியத்தின் ஆட்டக்காரர் நலநிதிக்குச் சென்றது. ஏலத்தில் எடுக்கப்பட்ட பின் தக்க காரணமின்றி விலகும் வெளிநாட்டவருக்கு இரண்டு பருவத் தடை என்ற மற்றொரு விதியின்கீழ் இங்கிலாந்தின் ஹாரி புரூக் 2025-இல் தடைக்குள்ளானார். கடைசி நேரத்தில் ஆட்டக்காரர் விலகினால் அணி தத்தளிக்கும் என்பதும், பேரேலத்தை (மெகா ஏலத்தை) தவிர்த்துச் சிற்றேலத்தில் மட்டும் தலைகாட்டிப் பெருந்தொகை பெறுவது முறையல்ல என்பதும் நியாயமான வாதங்கள். விதியின் நோக்கத்தில் குறை காண வேண்டியதில்லை. அதை வகுத்தவர்கள் அணிகளும் வாரியமும் மட்டுமே என்பதுதான் இங்கே எழும் சிக்கல்.

சங்கம் பெற்றுத் தந்தவை

அமெரிக்காவிலும் இருக்கை தானாகக் கிடைத்துவிடவில்லை. 1956-இல் உருவான ஆட்டக்காரர் சங்கம் 1982-இல் 57 நாள் வேலைநிறுத்தம் செய்து பருவத்தையே ஏறத்தாழப் பாதியாகச் சுருக்கியது. 1987-இல் மீண்டும் வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, உரிமையாளர்கள் மாற்று ஆட்களை இறக்கி மூன்று வாரம் போட்டிகளை நடத்தவே, போராட்டம் தோற்றது. பிறகு சங்கம் நீதிமன்றத்தை நாடியது. ஆட்டக்காரர் ரெஜி வைட் பெயரில் நடந்த வழக்கின் உடன்பாட்டால் 1993 முதல், குறிப்பிட்ட ஆண்டுகள் ஆடி ஒப்பந்தம் முடிந்தவர் விரும்பிய அணியோடு பேசலாம் என்ற உரிமை கிடைத்தது. அதற்கு ஈடாகச் சங்கம் ஊதிய வரம்பை ஏற்றுக்கொண்டது. 2020-இல் கையெழுத்தான கூட்டு ஒப்பந்தத்தை 1,019 பேர் ஆதரித்தும் 959 பேர் எதிர்த்தும் வாக்களித்தார்கள். லீக்கின் வருவாயில் ஏறத்தாழ 48 விழுக்காடு ஆட்டக்காரர்களுக்குச் சேர வேண்டும் என்பது அதன் சாரம். ஊதியம் பெறுபவர்களே வாக்களித்து ஏற்ற வரம்பு என்பதுதான் அதன் சிறப்பு.

இந்தியாவில் 2013 சூதாட்ட முறைகேட்டுக்குப் பின் உச்ச நீதிமன்றம் அமைத்த லோதா குழுவின் பரிந்துரைப்படி 2019-இல் இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் பிரதிநிதிகளுக்கு வாரியத்தின் உயர்நிலைக் குழுவிலும் ஐ.பி.எல். ஆட்சிக் குழுவிலும் இடமும் உண்டு. ஆனால் அது ஓய்வு பெற்றவர்களுக்கான சங்கம். இன்று களத்தில் இருப்பவர் அதில் உறுப்பினராக முடியாது.

இதன் விளைவைப் பண அளவிலும் காணலாம். 2023 முதல் 2027 வரையிலான ஐ.பி.எல். ஒளிபரப்பு உரிமை 48,390 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டது; ஆண்டுச் சராசரி 9,678 கோடி. 2025-இல் ஏலத்தொகை, ஆட்டச் சம்பளம், திறன் ஊக்கத்தொகை மூன்றும் சேர்ந்து ஓர் அணிக்கு உச்சவரம்பு 146 கோடி; பத்து அணிகளுக்கும் 1,460 கோடி. விளம்பர ஆதரவு, நுழைவுச்சீட்டு வருவாய்களைச் சேர்க்காமல் ஒளிபரப்பு வருவாயோடு மட்டும் ஒப்பிட்டாலும் இது 15 விழுக்காடு அளவே ஆகிறது.

ஒரகடம் நெடுஞ்சாலை அறிந்த பாடம்

பென்னலூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், ஒரகடம் என நீளும் தொழிற்பகுதியின் வாசகர்களுக்கு இந்தச் செய்திகள் அந்நியமானவை அல்ல. கோரிக்கை சாசனம், முத்தரப்புப் பேச்சுவார்த்தை, 12(3) ஒப்பந்தம் ஆகிய சொற்கள் இங்குள்ள தேநீர்க் கடைகளிலும் புழங்குபவை. தொழிலாளர் துறை அலுவலர் முன்னிலையில் நிர்வாகமும் தொழிற்சங்கமும் கையெழுத்திடும் ஊதிய உடன்பாட்டுக்கு முன்பு நடப்பில் இருந்த 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் பிரிவு எண்ணே பெயராகிவிட்டது. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தில் ஊதிய உயர்வோடு சேர்த்து முன்வைக்கப்பட்ட முதன்மைக் கோரிக்கை, சங்கம் அமைத்துப் பேசும் உரிமை. அந்தச் சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது. எவ்வளவு ஊதியம் என்பதற்கு முன்னால் யார் பேசுவது என்பது தீர்மானமாக வேண்டும் என்பதை இந்தப் பகுதி நன்கு அறியும்.

கோடிகளில் ஊதியம் பெறுவோருக்குச் சங்கம் எதற்கு என்று கேட்கப்படலாம். சங்கத்தால் அதிகப் பயன் பெறுவோர் உச்சியில் இருப்பவர்கள் அல்லர். சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்த நடராஜனும், கட்டடக்கலை படித்துவிட்டுக் கிரிக்கெட்டுக்குத் திரும்பிய வருண் சக்கரவர்த்தியும் தமிழ்நாடு பிரீமியர் லீக் வழியாக ஐ.பி.எல். ஏலத்தில் முறையே 3 கோடிக்கும் 8.40 கோடிக்கும் எடுக்கப்பட்டது உண்மை. ஆனால் அதே வழியில் வந்து 30 லட்சம் அடிப்படை விலையில் ஒரு பருவம் எடுக்கப்பட்டு, அடுத்த பருவம் காயத்தாலோ மறதியாலோ விடப்படும் இளைஞர்களே எண்ணிக்கையில் மிகுதி. குறைந்தபட்ச ஊதியம், காயக் காப்பீடு, பரிமாற்ற விதி, தடைக்கு எதிரான மேல்முறையீடு ஆகிய அனைத்தும் அவர்களுக்கே முதலில் தேவைப்படுகின்றன.

இப்போதைய ஒளிபரப்பு உரிமையும், 2025-இல் தொடங்கிய ஏலச் சுழற்சியும் 2027-உடன் முடிகின்றன. அடுத்த சுழற்சிக்கான விதிகள் எழுதப்படும் முன், இன்று களத்தில் ஆடுவோரும் உறுப்பினராகக்கூடிய ஒரு சங்கத்தை வாரியம் ஏற்று, அதனோடு பேசி வரம்பையும் பங்கையும் முடிவு செய்வதே முறை. யாரை எவ்வளவுக்கு எடுத்தார்கள் என்று ஏல நாளில் வாதிடும் ரசிகர்கள், அந்த விலைக்கான விதியை எழுதியவர் யார் என்றும் இனிக் கேட்க வேண்டும்.