அமெரிக்கச் சுதந்திரப் போரும் இருநாட்டார் நோக்கும்

வட அமெரிக்காவின் கீழைக் கரையிலிருந்த பதின்மூன்று குடியேற்ற நாடுகளுக்கும் பிரித்தானிய முடிக்குமிடையே 1775 தொடக்கம் 1783 வரை நிகழ்ந்த போருக்கு இரு பெயர்கள் வழங்குகின்றன. பிரித்தானியர் பெரும்பாலும் அதனை அமெரிக்கச் சுதந்திரப் போர் என்பர். அமெரிக்கரோ அமெரிக்கப் புரட்சி என்பர். போரை மட்டும் பிரித்துக் கூறவேண்டின் புரட்சிப் போர் என்பர். இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் இருநாட்டாரின் நோக்கும் அதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. சுதந்திரப் போர் என்றவிடத்து, பேரரசொன்றின் உறுப்புப் பிரிந்து சென்ற செய்தியே முதன்மை பெறும். அது முடிந்துபோன கதை. புரட்சி என்றவிடத்து, புதியதோர் அரசியல் அறம் உலகிற் பிறந்தது என்னும் கருத்து முன்னிற்கும். அமெரிக்கர் அதனை இன்றும் முடிந்த கதையாகக் கொள்வதில்லை. தம் அரசியல் வழக்குகள் பலவற்றுக்கு அதனையே சான்றாக அழைக்கின்றனர்.

அமெரிக்கப் பொதுமக்கள் உள்ளத்தில் இவ்வரலாறு ஒரு கொடுங்கோலனின் கதையாகவே பதிந்துள்ளது. அக்கொடுங்கோலன் மூன்றாம் ஜோர்ஜ் மன்னன். இப்பதிவுக்கு மூலகாரணம் 1776 யூலை 4 இல் ஏற்கப்பட்ட சுதந்திரப் பிரகடனமே. தோமஸ் ஜெபர்சன் வரைந்த அப்பத்திரத்தில் குற்றச்சாட்டுகள் யாவும் மன்னன்மேலே சுமத்தப்படுகின்றன. பாராளுமன்றம் பெயர் சுட்டப்படவில்லை. வரிகளை விதித்தது பாராளுமன்றமாயிருக்க மன்னனைச் சாடியது ஏன் எனின், அதற்கு ஒரு சட்ட நுட்பம் உண்டு. தம்மை ஆளப் பாராளுமன்றத்துக்கு உரிமையே இல்லை, தாம் முடிக்கு மட்டுமே கடமைப்பட்டவர் என்று குடியேற்றத் தலைவர்கள் முன்னரே வாதிட்டிருந்தனர். ஆகவே அறுக்க வேண்டியிருந்த கட்டு முடியுடன் உள்ள கட்டு ஒன்றே. வழக்கறிஞர் வாதத்துக்காக வரையப்பட்ட அவ்வுருவம் பின்வந்த தலைமுறைகளுக்கு வரலாற்று உண்மையாகவே ஆகிவிட்டது. 1834 இல் வெளிவரத் தொடங்கிய ஜோர்ஜ் பான்குரொவ்ற்றின் பெருநூல், சுதந்திரத்தின் வெற்றியை இறைவன் திருவுளமாகவே காட்டிற்று.

பிரித்தானியர் இதே கதையைச் சொல்லும்போது கணக்கேட்டிலிருந்து தொடங்குவர். 1756 முதல் 1763 வரை நிகழ்ந்த ஏழாண்டுப் போரில் பிரான்சியரை வட அமெரிக்காவிலிருந்து வெளியேற்றியது பிரித்தானியப் படை. அப்போர் நாட்டின் கடனை ஏறக்குறைய 7½ கோடிப் பவுணிலிருந்து 13 கோடிப் பவுணுக்கு உயர்த்திற்று. பயன்பெற்ற குடியேற்றத்தார் அச்செலவில் ஒரு சிறு பங்கு தருதல் முறையன்றோ என்பது இலண்டன் அமைச்சரின் வினா. 1765 ஆம் ஆண்டின் முத்திரைச் சட்டத்தைப் போன்றதொரு வரியைப் பிரித்தானிய மக்கள் 1694 முதலே கொடுத்து வந்தனர். குடியேற்றத்தாரைக் காட்டிலும் பன்மடங்கு மிகுதியான வரிப்பாரமும் அவர்மீது இருந்தது. 1773 ஆம் ஆண்டின் தேயிலைச் சட்டமோ தேயிலையின் விலையைக் குறைத்தது! அவ்வாறு மலிந்த தேயிலை 342 பெட்டிகளையே போஸ்ரன் நகரத்தார் அவ்வாண்டு டிசெம்பர் 16 ஆம் நாளிரவு கடலிற் கொட்டினர்.

இவ்வாதத்தில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அது குடியேற்றத்தாரின் கேள்விக்கு விடையாகாது. வரி எவ்வளவு என்பதன்று அவர் கேட்டது. விதிப்பவர் யார் என்பதே. அதற்கு அமைச்சர் தரப்பார் அளித்த மறுமொழி விந்தையானது. மான்செஸ்ரர், பேர்மிங்ஹாம் போன்ற நகரங்களுக்கும் தனிப் பிரதிநிதிகள் இல்லை. ஆயினும் பாராளுமன்றம் எல்லார்க்கும் பொதுவாகப் பிரதிநிதித்துவம் வகிக்கின்றது. அவ்வாறே அமெரிக்கருக்கும் என்றனர். ஒருவனுக்கு இழைத்த அநீதியை மற்றொருவனுக்கு இழைக்கும் அநீதிக்குச் சான்றாகக் காட்டுதல் இதுவாகும். அந்நகரங்கட்குப் பிரதிநிதிகள் கிடைத்தது 1832 ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தின் பின்னரே.

ஒரே நிகழ்ச்சி இரு கண்களுக்கு எங்ஙனம் தோன்றும் என்பதற்கு 1770 மார்ச் 5 இல் போஸ்ரனில் நடந்தது தக்க சான்று. சுங்க அலுவலகத்தின் முன் காவல் நின்ற படைவீரரை மக்கள் திரண்டு வைது, பனிக்கட்டிகளையும் பிறவற்றையும் எறிந்தனர். வீரர் சுட்டனர், ஐவர் மாண்டனர். அமெரிக்கர் இதனைப் போஸ்ரன் படுகொலை என்பர். பிரித்தானியர் வழக்கில் அது அரச வீதிச் சம்பவம் என்ற அளவிலே நின்றது. போல் ரெவேர் வெளியிட்ட படமொன்றில் வீரர் வரிசையாக நின்று, தளபதியின் கட்டளைப்படி, ஆயுதமற்ற மக்களைச் சுடுகின்றனர். பாடப்புத்தகங்கள் பலவற்றிற் பின்னர் இடம்பெற்றது அப்படமே. நீதிமன்றத்தில் நிகழ்ந்ததோ வேறு. அவ்வீரருக்காக வாதாடியவர் ஜோன் அடம்ஸ். பின்னாளில் அமெரிக்காவின் இரண்டாவது குடியரசுத் தலைவரானவர். தளபதி விடுதலை பெற்றார். வீரர் எண்மருள் அறுவர் விடுதலை பெற, இருவரே கொலைக்குக் குறைந்த குற்றத்துக்கு ஆளாயினர். போஸ்ரன் நகரத்தவரான நடுவரே இத்தீர்ப்பை வழங்கினாரல்லர் என்பதும் குறிக்கத்தக்கது. சுற்றூர்களிலிருந்து வந்தவரே நடுவராய் அமர்ந்தனர்.

பிரித்தானியர் அனைவரும் ஒரே கருத்தினராயிருந்தனர் எனக் கொள்ளுதல் தவறு. 1775 மார்ச் 22 இல் எட்மண்ட் பேர்க் பாராளுமன்றத்தில் இணக்கம் வேண்டி ஆற்றிய பேச்சு இன்றும் பயிலப்படுகின்றது. முதிய வில்லியம் பிற் குடியேற்றத்தார் பக்கம் நின்று வாதாடினார். 1776 யனவரியில் அமெரிக்கரைச் சுதந்திரத்தின்பால் திருப்பிய சிறு நூலை எழுதிய தோமஸ் பெயின், இங்கிலாந்திற் பிறந்து கடல் கடந்து சென்று ஈராண்டும் நிரம்பாத ஒருவர். இவ்வுள்நாட்டு எதிர்ப்பே பிற்காலப் பிரித்தானியருக்கு ஓர் ஆறுதலாயிற்று. 1899 முதல் ஜோர்ஜ் ஓற்றோ திரெவெலியன் எழுதிய வரலாற்றில், அமெரிக்கர் ஆங்கிலேயரின் பழைய உரிமைகளுக்காகவே ஆங்கில அமைச்சரோடு பொருதனர் என்ற கருத்து மேலோங்கி நிற்கின்றது. அங்ஙனமாயின், தோற்றது அமைச்சரவை. வென்றது ஆங்கிலச் சுதந்திரம்! தோல்வியைத் தன் வெற்றியாக மாற்றிக்கொள்ளும் இக்கலை பேரரசுகளுக்கே உரியது போலும். 1929 இல் லூயிஸ் நேமியர் அக்காலப் பாராளுமன்றத்தை ஆராய்ந்து வெளியிட்ட நூலுக்குப் பின், மூன்றாம் ஜோர்ஜ் கொடுங்கோலன் என்ற சித்திரம் பிரித்தானிய அறிஞரிடையே வலுவிழந்தது.

பிரித்தானியர் இப்போரைச் சுருக்கமாகவே நினைவு கூர்வதற்கு வேறொரு காரணமும் உண்டு. அவர்க்கு இது அமெரிக்கப் போர் மட்டுமன்று. 1778 இல் பிரான்சும் 1779 இல் ஸ்பெயினும் பகையாயின. 1780 இறுதியில் ஒல்லாந்தருடனும் போர் மூண்டது. அமெரிக்கர் யோர்க்ரவுண் வெற்றியையே பெரிதாகப் போற்றுவர். அவ்வெற்றிக்குப் பிரான்சியக் கடற்படையும் தரைப்படையும் எத்துணை இன்றியமையாதன என்பதைச் சற்றுத் தாழ்ந்த குரலிற் சொல்வர். பிரித்தானியரோ ஜிப்ரால்ரர் முற்றுகையைத் தாங்கிநின்றதையும், 1782 ஏப்பிரிலில் ரொட்னி மேற்கிந்தியக் கடலிற் பிரான்சியரை முறியடித்ததையும் எடுத்துரைப்பர். யோர்க்ரவுணில் 1781 ஒக்டோபர் 19 இல் சரணடைந்த கோர்ன்வாலிஸ் பிரபு, ஐந்தாண்டுகளில் இந்தியாவின் மகாதேசாதிபதியாக அனுப்பப்பட்டார். தோல்வியைப் பேரழிவாகக் கருதியிருப்பின் இது நிகழ்ந்திராது. இப்போரின் அலை ஈழக்கரையையும் தொட்டது. ஒல்லாந்தர் வசமிருந்த திருகோணமலையை 1782 யனவரியிற் பிரித்தானியர் கைப்பற்றினர். ஓகஸ்டில் பிரான்சியக் கடற்படைத் தலைவன் சுப்ரன் அதனைப் பறித்தான். சமாதானத்தின்பின் அது மீண்டும் ஒல்லாந்தரைச் சேர்ந்தது. போஸ்ரனில் தேயிலை கொட்டப்பட்ட ஒன்பதாண்டுகளில் திருகோணமலைக் கோட்டையின் கொடி ஒரே ஆண்டில் இருமுறை மாறிற்று.

இருநாட்டார் கதைகளும் ஒருங்கே மறைத்துவைத்த மக்கள் சிலர் உளர். குடியேற்ற நாடுகளின் ஏறக்குறைய இருபத்தைந்து இலட்சம் மக்களுள் ஐந்து இலட்சம் பேர் ஆபிரிக்க அடிமைகள். அடிமைகளை ஓட்டுபவரே சுதந்திரத்துக்காக உரத்துக் கூவுவது எங்ஙனம் என்று 1775 இல் சாமுவேல் ஜோன்சன் ஏளனமாகக் கேட்டார். அடிமை வாணிகத்தைக் கண்டித்து ஜெபர்சன் எழுதிய பகுதியும் பிரகடனத்திலிருந்து நீக்கப்பட்டது. எழுதிய ஜெபர்சனும் அடிமைகளை உடையவரே. வேர்ஜீனிய ஆளுநர் டன்மோர் பிரபு, கிளர்ச்சியாளரின் அடிமைகள் அரசபடையிற் சேர்ந்தால் விடுதலை பெறுவர் என 1775 இல் அறிவித்தார். போர் முடிவில் ஏறக்குறைய 3,000 கறுப்பினத்தவர் பிரித்தானியக் கப்பல்களில் நோவா ஸ்கோசியா சென்றனர். இதனைக் கொண்டு பிரித்தானியரை அடிமைகளின் மீட்பராகப் போற்றுதல் பொருந்தாது. டன்மோரின் அறிவிப்பு அரசபக்தரின் அடிமைகளுக்குச் செல்லாது. மேற்கிந்தியக் கரும்புத் தோட்டங்களில் அடிமைமுறை மேலும் அரைநூற்றாண்டு நிலவிற்று.

செவ்விந்தியர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அப்பலாச்சியன் மலைகளுக்கு மேற்கே குடியேறலாகாது என 1763 இல் முடி விதித்த தடை, அமெரிக்கருக்குக் கொடுமையாகவும் செவ்விந்தியருக்குச் சிறு காப்பாகவும் இருந்தது. 1783 ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையிலோ மிசிசிப்பி ஆறு வரையுள்ள நிலம், அங்கு வாழ்ந்தோரைக் கேளாமலே புதிய நாட்டுக்கு விட்டுக் கொடுக்கப்பட்டது. ஒருவர் சுதந்திரம் என்றதும் மற்றவர் சமாதானம் என்றதும் இவர்க்கு ஒன்றேயாயிற்று. முடிக்கு அடங்கி நின்ற அரசபக்தருள் ஏறக்குறைய 60,000 பேர் நாடிழந்து சென்றனர். அமெரிக்க வரலாற்றில் துரோகிகளாகிய அவர், கனடாவில் நாட்டை நிறுவிய முன்னோராக மதிக்கப்படுகின்றனர்.

துரோகி, தியாகி என்னும் சொற்கள் எல்லை கடந்ததும் இடம் மாறுதலை ஒற்றர் வரலாற்றிலும் காணலாம். 1776 இல் பிரித்தானியர் தூக்கிலிட்ட நேதன் ஹேல் அமெரிக்கருக்கு வீரன். 1780 இல் அமெரிக்கர் தூக்கிலிட்ட ஜோன் ஆந்திரேயின் எலும்புகள் 1821 இல் வெஸ்ற்மினிஸ்ரர் தேவாலயத்துக்குக் கொணரப்பட்டன. ஆந்திரேயோடு சூழ்ந்து பக்கம் மாறிய பெனடிக்ற் ஆர்னல்ட், முன்னர் சரற்றோகாவிற் காலிற் காயமுற்று வெற்றிக்கு உதவியவர். அக்களத்தில் நாட்டிய நினைவுக்கல்லில் ஒரு பாதணி செதுக்கப்பட்டுளது, பெயர் இல்லை.

இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க அறிஞரே தம் கதையை மறுத்தாராயத் தொடங்கினர். சார்ள்ஸ் பியேட் 1913 இல் அரசியலமைப்பை வகுத்தோரின் சொத்து நலன்களை எடுத்துக்காட்டினார். பெர்னாட் பெயிலின் 1967 இல், குடியேற்றத்தாரின் அச்சங்கள் ஆங்கில எதிர்க்கட்சி எழுத்துகளிலிருந்து ஊறியவை என நிறுவினார். 2019 இல் நியூ யோர்க் ரைம்ஸ் வெளியிட்ட கட்டுரைத் தொகுதியொன்று, முதல் ஆபிரிக்கர் வேர்ஜீனியாவுக்குக் கொணரப்பட்ட 1619 ஐயே நாட்டின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும் என்றது. அறிஞர் பலர் அதனைக் கடுமையாக மறுத்தனர். வழக்கு இன்னும் ஓயவில்லை.

இரு நாட்டு அரசுகளிடையே பகை மறைந்து நெடுங்காலமாயிற்று. வேர்ஜீனியா வழங்கிய வாஷிங்ரனின் சிலை 1921 முதல் இலண்டன் திரபல்கார் சதுக்கத்தில் நிற்கின்றது. 1976 இல் பிலடெல்பியா சென்ற இரண்டாம் எலிசபெத் அரசி, காத்துவைக்க இயலாததை உரிய காலத்தில் விட்டுக்கொடுக்கும் பாடத்தைப் பிரித்தானியா அமெரிக்கரிடம் கற்றதென்றார். முன்னர் நிலை அவ்வாறிருந்திலது. நியூ இங்கிலாந்துப் பகுதியினரால் அனுப்பப்பட்ட அமெரிக்க மிசனரிமார் 1816 இல் யாழ்ப்பாணம் வந்து பணி தொடங்கினர். 1820 இல் வந்த அச்சுத் தொழில் வல்லுநரான மிசனரி ஒருவரை, ஆட்சித் தலைவராயிருந்த பாண்ஸ் நாட்டைவிட்டு நீங்குமாறு பணித்தார். மேலும் அமெரிக்கர் வருதலாகாதெனவும் தடுத்தார். பிரித்தானிய மிசனரிமாருக்கு இல்லாத அத்தடை 1833 வரை நீடித்தது.