யாருக்காக இந்தப் பட்டம்?



மேற்படிப்புக்காக அமெரிக்கா செல்லும் நம் பிள்ளைகள் நாம் கேள்விப்படாத பட்டங்களின் பெயர்களையெல்லாம் சொல்கிறார்கள். அவற்றுள் ஒன்று, உடல்நலம் மற்றும் உடலியக்கத் துறையில் தலைமைப் பொறுப்புக்கான முனைவர் பட்டம். 'உடற்பயிற்சிக்கு ஒரு டாக்டர் பட்டமா?' என்று சிரிக்கத் தோன்றலாம். சற்றே சிந்திப்போம்.

1953ஆம் ஆண்டு ஜெரி மோரிஸ் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். லண்டன் மாநகரின் மாடிப் பேருந்துகளில் ஓட்டுநர் நாள் முழுவதும் அமர்ந்திருப்பார். நடத்துநரோ படிகளில் ஏறி இறங்கிக்கொண்டே இருப்பார். ஓட்டுநர்களைவிட நடத்துநர்களுக்கு இதய நோய் குறைவாக இருந்ததை அவர்கள் கண்டார்கள். உடலுழைப்பு இதயத்தைக் காக்கிறது என்ற உண்மை அன்றே வெளிச்சத்திற்கு வந்தது.

அதன் பிறகு என்ன நடந்தது? பெரியவர்கள் வாரத்திற்கு 150 நிமிடங்களாவது மிதமான உடலியக்கத்தில் ஈடுபட வேண்டும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம். ஆனால் 2022இல் உலகின் வயது வந்தோரில் 31 விழுக்காட்டினர், ஏறத்தாழ 180 கோடிப் பேர், அந்த அளவை எட்டவில்லை. அறிவுக்குப் பஞ்சமில்லை. அறிந்ததைச் செய்ய வைக்கும் வழிதான் தெரியவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பவே இந்தப் படிப்பு. நாம் நன்கறிந்த பிஎச்.டி. பட்டம் புதிய அறிவைத் தேடும் ஆய்வாளரை உருவாக்குகிறது. 'எட்.டி.' எனப்படும் கல்வியியல் முனைவர் பட்டமோ ஏற்கெனவே பணியில் இருப்பவருக்கானது. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1921இல் இப்பட்டத்தை முதன்முதலாக வழங்கியது. காலப்போக்கில் இது பிஎச்.டி.யின் நிழலாகிவிட்டது என்ற குறை எழுந்தது. எனவே 2007இல் கார்னகி திட்டம் என்ற முயற்சியின் கீழ் பல பல்கலைக்கழகங்கள் ஒன்றுகூடி, இதற்கெனத் தனி இலக்கு வகுத்தன. மாணவர் தம் பணியிடத்துச் சிக்கல் ஒன்றையே ஆய்வுக்கு எடுக்க வேண்டும் என்பது அதன் மையக் கருத்து. இந்த வழியில் உடல்நலம், உடலியக்கம் என்பதைத் தனிப் பிரிவாக அமைத்தவற்றுள் பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகமும் ஒன்று.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மாரடைப்பிலிருந்து மீண்டவர்களுக்கு அமெரிக்க மருத்துவமனைகளில் உடற்பயிற்சியோடு கூடிய மறுவாழ்வுப் பயிற்சி உண்டு. முதியோருக்கான அரசுக் காப்பீடு அதற்கு 36 அமர்வுகள் வரை அனுமதிக்கிறது. ஆனாலும் பலர் பாதியிலேயே நின்றுவிடுகிறார்கள். அங்கே பணிபுரியும் பயிற்சியாளர் ஒருவர் இப்படிப்பில் சேர்ந்தால், 'ஏன் நின்றார்கள்?' என்று முதலில் அவர்களிடமே கேட்பார். வந்துபோக வண்டி இல்லையா? வேலை நேரம் இடிக்கிறதா? மீண்டும் நெஞ்சு வலிக்கும் என்ற அச்சமா? விடை கிடைத்ததும் ஒரு சிறு மாற்றத்தைச் செய்து பார்ப்பார். மாலை நேர அமர்வாக இருக்கலாம், வராதவருக்கு ஒரு தொலைபேசி அழைப்பாக இருக்கலாம். பலனை அளந்து, திருத்தி, மீண்டும் செய்வார். அதுவே அவருடைய ஆய்வேடு.

இதில் சேர விரும்புவோர் சிலவற்றை மறக்கக் கூடாது. இது மருத்துவர் பட்டம் அன்று. நோய்க்குச் சிகிச்சை அளிக்கும் உரிமையை இது தராது. பல்கலைக்கழக ஆய்வாளராக விரும்புவோருக்குப் பிஎச்.டி.யே பொருத்தமான வழி. பணியில் இருந்துகொண்டே படிப்பதால் மூன்று ஆண்டுகளோ அதற்கு மேலோ இரவுகளும் விடுமுறைகளும் புத்தகத்தோடு கழியும். அந்தச் சுமையைக் குடும்பமும் சேர்ந்தே சுமக்கிறது. கட்டணமும் பெரும்பாலும் சொந்தப் பணம்தான். நாளை நாம் வேலை தேடும் இடத்தில் இப்பட்டம் ஏற்கப்படுமா என்பதைச் சேர்வதற்கு முன்பே விசாரிப்பது அறிவுடைமை.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி உண்டு: யாருடைய சிக்கலைத் தீர்க்க நான் படிக்கப் போகிறேன்? இதற்கு விடையாக ஒரு முகமாவது மனக்கண்ணில் தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் சற்றுப் பொறுத்திருப்பதே நல்லது. பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தைச் சேர்க்க மூன்றாண்டு உழைப்பு மிகப் பெரிய விலை. பாதியில் நின்றுபோன ஒருவர் 36ஆம் அமர்வுக்கும் நடந்து வந்து சேர்வார் என்றால், அந்த விலை தகும்.

நம் வீட்டுப் பிள்ளை பட்டத்தின் பெயரைச் சொல்லும்போது, 'எவ்வளவு சம்பளம்?' என்று கேட்பதற்கு முன், 'யாருக்காக?' என்று கேட்போமா?