கம்பியும் எலும்பும்

தெற்றுப்பல்லுக்குக் கிளிப் போட்டுக்கொண்ட பிள்ளையைக் காண்போர், கம்பிதான் பல்லை இழுத்து நிறுத்துகிறது என்று எண்ணுவது இயல்பே; ஆயினும் கம்பி செய்வது தூண்டுதல் மாத்திரம், காரியத்தை நிறைவேற்றுவது எலும்பு. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே, மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு தடிப்பேயுள்ள நார்த்திசு ஒன்று உண்டு. மெல்லிய விசை அதன்மீது இடையறாது படியும்போது, அழுந்தும் பக்கத்தில் எலும்பைக் கரைக்கும் உயிரணுக்களும், இழுபடும் பக்கத்தில் புதிய எலும்பைக் கட்டும் உயிரணுக்களும் தத்தம் தொழிலைத் தொடங்க, பல் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்கிறது. விசை மிகுந்தாலோ அத்திசுவில் இரத்த ஓட்டம் தடைப்பட்டுப் பல் நகராது நின்றுவிடும். வேர் நுனி கரையும் அபாயமும் கூடும். ஆதலின், கம்பியை இறுக்கிச் சீக்கிரம் முடித்துவிடுங்கள் என்று மருத்துவரை அவசரப்படுத்தும் பெற்றோரைக் காணும்போது என் மனம் பதறுகிறது.

இச்சாதனங்களின் சரித்திரம், விசையைக் கட்டுப்படுத்தவும் மென்மையாக்கவும் மனிதர் கற்றுக்கொண்ட சரித்திரமே. பிரான்ஸ் தேசத்துப் பியேர் ஃபோஷார், வில்போல் வளைந்த தகட்டில் பற்களை நூலால் பிணைக்கும் முறையை 1728-இல் வெளியிட்ட தம் நூலில் விவரித்தார். அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள், 1920-களில், பல்லோடு பிணைந்து கம்பியைத் தாங்கும் பிராக்கெட்டின் செவ்வகப் பள்ளத்தில் செவ்வகக் கம்பியைப் பொருத்தி, பல்லின் சாய்வு, திருப்பம், வேரின் திசை ஆகிய யாவற்றையும் ஆளும் உபாயத்தை நிறுவினார். இன்றைய பிராக்கெட்டுகள் பெரும்பாலும் அதன் சந்ததியே. அவர் காலத்துத் தங்கக் கம்பியின் இடத்தைப் பின்னர்த் துருப்பிடிக்காத எஃகு பிடித்தது. 1970-களில், அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் உருவான நிக்கல்–டைட்டானியக் கலவை வாய்க்குள் புகுந்து, வளைந்தபின் தன் பூர்வ வடிவத்துக்கு மெல்ல மீளும் குணத்தால், நெடுநாள் சீராக நீடிக்கும் இளவிசையைச் சாத்தியமாக்கிற்று.

பீங்கான் பிராக்கெட், நாவின் பக்கம் ஒட்டும் பிராக்கெட் ஆகியவை தோற்றத்துக்காக வந்தவை. தெளிந்த பிளாஸ்டிக் உறையான அலைனரோ கழற்றி மாட்டத்தக்கது. நாளில் இருபது மணி நேரத்துக்கு மேல் அணிந்தாலன்றிப் பயன்தராது. கீழ்த்தாடை பின்தங்கிய சிறாருக்கு, வளர்ச்சி நிற்குமுன் அணிவிக்கும் ட்வின் பிளாக் என்னும் சாதனம் தனி ஜாதி. அதற்குப் பருவம் தப்பக்கூடாது.

கிளிப்பைக் கழற்றிய நாளோடு சிகிச்சை முடிந்ததென்று கருதுவதே மிகப் பெரிய பிழை. ஈற்றின் நார்கள் புதிய நிலைக்கு இசைய ஓராண்டுகூட ஆகலாம். அதுவரை அவை பல்லைப் பழைய இடத்துக்கே இழுக்குமாதலால், பல்லை நிலைநிறுத்த மருத்துவர் கொடுக்கும் ரீடெய்னரை இரவுதோறும் பல்லாண்டு அணிவதோ, கீழ் முன்பற்களின் பின்புறம் மெல்லிய கம்பியொன்றை ஒட்டிவிடுவதோ அவசியமாகிறது.