தக்கோலப் போரும் திருவொற்றியூர்த் திருமடமும்

திருத்தணிகை மலையில் ஆறுமுகப் பெருமானைத் தரிசித்து அரக்கோணம் வழியாகத் திரும்பும் அன்பர்கள், சற்றே விலகிச் சென்றால் தக்கோலத்தை அடையலாம். திருஞானசம்பந்தர் பாடிப் பரவிய திருவூறல் என்னும் தலம் இதுவே. ஜலநாதேசுவரர் எழுந்தருளியுள்ள இவ்வூரில்தான் கி.பி. 949-இல் சோழ நாட்டையே நிலைகுலையச் செய்த பெரும்போர் நிகழ்ந்தது.

தணிகையைச் சூழ்ந்த இந்நிலப்பகுதி பல்லவரிடமிருந்து சோழர் கைக்கு மாறியதாகும். 1977-இல் திருத்தணிக்கு அருகிலுள்ள வேலஞ்சேரியில் கிடைத்த செப்பேடுகளுள் ஒரு தொகுதி பல்லவன் அபராசிதனுடையது; மற்றொன்று முதலாம் பராந்தக சோழனுடையது. அந்தப் பராந்தகனின் மைந்தனே இராசாதித்தன். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனைத் தக்கோலத்தில் எதிர்த்த அவ்விளவரசன், கங்க மன்னன் பூதுகனால் யானைமீதே வீழ்த்தப்பட்டான். 'ஆனைமேல் துஞ்சினவர்' என்று சோழர் சாசனங்கள் அவனைப் போற்றுகின்றன.

இராசாதித்தனைச் சூழ்ந்திருந்தோருள் சேர நாட்டவரும் உண்டு. பெண்ணையாற்றங்கரையில் உள்ள கிராமம் என்னும் ஊரில் 943-இல் சிவாலயத்தைக் கற்றளியாக எடுப்பித்த படைத்தலைவர் வெள்ளங்குமரன் அவர்களுள் ஒருவர். மற்றொருவர் வல்லபர். இளமையிலேயே கலைகள் பலவற்றைக் கற்றுத் தேர்ந்து, சோழ நாடு வந்து இளவரசனின் நட்பைப் பெற்ற பெருமகன் அவர்.

தலைவனோடு களத்தில் உயிர்துறக்கும் வாய்ப்பு வல்லபருக்குக் கிட்டவில்லை. தம் குலத்துக்கும் தம்மை நம்பிய தலைவனுக்கும் அது தகாது என்று அவர் உள்ளம் நொந்தார். கங்கையில் நீராடி, உலகப் பற்றை நீத்தார். பின்னர்த் திருவொற்றியூரை அடைந்து, நிரஞ்சன குருவின் வழியில் துறவு பூண்டு, சதுரானன பண்டிதர் என்னும் திருநாமம் பெற்றார். இவ்வரலாற்றைத் திருவொற்றியூர்க் கோயிலின் வடமொழிக் கல்வெட்டு உரைக்கிறது.

அக்கல்வெட்டு மூன்றாம் கிருஷ்ணனின் ஆட்சியாண்டைக் கொண்டே பொறிக்கப்பட்டுள்ளது. தம் தலைவனின் உயிரைப் பறித்த பகையரசனின் ஆட்சியில், அவன் பெயரையே தாங்கிய சாசனத்தில், அவர் தம் அறத்தைப் பதிந்து வைத்தார். பகைமையைக் கடந்த உள்ளத்துக்கு இதனினும் சான்று வேண்டுமோ?

அவர் செய்த அறம் யாது? நரசிங்கமங்கலத்துச் சபையாரிடம் 100 நிஷ்கப் பொன்னை ஒப்படைத்தார். அதன் வட்டியிலிருந்து அவிட்ட நட்சத்திரந்தோறும் இறைவனுக்குச் சிறப்பு வழிபாடு நடைபெற வேண்டும். அவிட்டம் அவருடைய பிறந்த நாள்மீன். வங்கியில் வைப்புநிதிகளைக் கையாண்ட எனக்கு இதன் நுட்பம் நன்கு புலப்படுகிறது. முதல் குறையாதிருந்தால்தான் வட்டி தடையின்றி வரும். முதலைக் காப்பவர் நேர்மையாளராயின் அறமும் நிலைக்கும். நிலக்கொடையும் அத்தகையதே. பல்லவர் காலத்திலேயே திருவொற்றியூரில் நிரஞ்சனேசுவரத்தை எடுப்பித்த நிரஞ்சன குரவர், மணலிச் சபையாரிடம் நிலம் பெற்று வழிபாட்டுக்கு வைத்திருந்தார். மண்ணும் பொன்னும் இவ்வாறு அறத்தின் முதலாக நின்றமையால் மடங்கள் தழைத்தன.

சதுரானனரின் மடமும் அவரோடு முடிந்துவிடவில்லை. அவருக்குப் பின்வந்த தலைவர்களும் அதே பெயரைத் தாங்கினர். முதலாம் இராசேந்திரன் காலத்துச் சதுரானன பண்டிதரின் முயற்சியால், இரவி என்னும் வீரசோழத் தச்சன் மூலவரின் விமானத்தைக் கருங்கல்லால் அமைத்தான். இரண்டாம் இராசாதிராசன் பங்குனி உத்திரத் திருவிழாவில் சுந்தரமூர்த்தி சுவாமிகளின் வரலாற்றைச் செவிமடுத்தபோதும், அம்மரபின் சதுரானன பண்டிதர் ஒருவர் உடனிருந்தார்.

இன்றும் நாம் பிள்ளைகளின் நட்சத்திரத்தைக் குறிப்பிட்டு, கோயிலில் ஒரு தொகையை வைப்பாகச் செலுத்தி, ஆண்டுதோறும் அர்ச்சனை நடைபெறக் கட்டளை ஏற்படுத்துகிறோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவிட்ட நாளுக்கென்று பொன் வைத்த துறவியின் வழியே அது. செலுத்துவதோடு நம் கடமை தீர்ந்துவிடுவதில்லை. அக்கட்டளை முறையாக நடைபெறுகிறதா என்று ஆண்டுக்கு ஒருமுறையேனும் நேரில் சென்று கண்டு வருவதும் அந்த அறத்தின் பகுதியே ஆகும்.